மெக்கானிக் முன்னால் மட்டும் ஒழுங்காக ஓடும் வேன்

காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், அங்கே சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்கும் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து காட்டிவிட்டு, “நல்லாத்தானே சார் இருக்கு?” என்பார். அடுத்த வாரம், மழையில், பள்ளிக்கூட வாசலில், பிள்ளைகள் ஏறி உட்கார்ந்த பிறகு மறுபடியும் அதே ‘டிக்’.

பழைய வேன் வைத்திருப்பவர்களுக்கு இந்த அவஸ்தை புதிதல்ல. மாருதி வேன் 1984-ல் வந்தது. பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019-ல் உற்பத்தி நின்றது. ஆனால் வண்டிகள் நிற்கவில்லை. பள்ளிக்குப் பிள்ளைகளையும், கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரங்களையும், சந்தைக்குப் பூக்கூடைகளையும் இன்றும் சுமந்துகொண்டிருக்கின்றன. 2010-ல் வந்த ஈக்கோவில்கூட முதல் தலைமுறை வண்டிகள் கிழடு தட்டிவிட்டன. இன்ஜின் நன்றாகவே இருக்கும். மானத்தை வாங்குவது வயரிங்தான்.

இப்படி வந்து வந்து போகும் கோளாறுக்கு நம் ஊரில் நடக்கும் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். முதலில் பேட்டரியை மாற்றுவார்கள். தீராவிட்டால் டைனமோ, பிறகு செல்ஃப் மோட்டார், கடைசியில் “இசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) போயிருக்கும் சார்”. பில் ஏறும், கோளாறு அப்படியே இருக்கும். காரணம் எளிது. செத்துப்போன பாகம் எல்லா நாளும் செத்தேதான் கிடக்கும். இன்று வேலை செய்து நாளை மறுத்து, மறுநாள் மீண்டும் வேலை செய்கிறது என்றால், பாகத்துக்கு மின்சாரம் போய்ச் சேரும் வழியில் எங்கோ ஓர் இணைப்பு அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் உண்மை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு, ஒரு டெஸ்ட் லாம்ப், சுமாரான ஒரு மல்டிமீட்டர் போதும்.

முதலில் நோட்டு

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன், கோளாறு வரும் ஒவ்வொரு தடவையும் சில விஷயங்களைக் குறித்து வையுங்கள். வண்டி சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? மழையா, வெயிலா? முந்தின நாள் வாட்டர் சர்வீஸ் செய்தீர்களா? பள்ளத்தில் இறங்கியபோது வந்ததா, வளைவில் திரும்பியபோது வந்ததா? லைட், வைப்பர், ஃபேன் என்று எதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது? கேஸ் கிட் உள்ள வண்டி என்றால் பெட்ரோலில் ஓடியதா, கேஸிலா? என்ன செய்தபோது சரியானது?

இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். “பேட்டரி கிளாம்பைத் தட்டினேன், எடுத்துக்கொண்டது” என்று எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. “அரை மணி நேரம் ஆறவிட்டேன், எடுத்துக்கொண்டது” என்றால் விசாரணை போகவேண்டிய திசையே வேறு.

குறிப்பைப் படிக்கும் முறை இது. சூட்டில் மட்டும் நின்று, ஆறினால் ஓடுகிறது என்றால் இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப் காயில், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் உள்ள) வண்டிகளில் கிராங்க் சென்சார், ரிலேக்குள் விரிசல் விட்ட ஈயப் பற்று ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஆம்னியிலும் ஈக்கோவிலும் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் மூடிக் கிடக்கிறது. டிராஃபிக்கில் நின்று நின்று போகும்போது அந்தச் சூடு முழுவதையும் அங்கே ஓடும் வயர்களும் கப்ளர்களும்தான் வாங்கிக்கொள்கின்றன.

ஈரத்தில் மட்டும் வந்தால் எர்த் பாயின்ட், டெயில் லாம்ப் ஹோல்டர், கீழ்ப்பக்கக் கப்ளர்கள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர்கள் என்று தேடுங்கள். குலுக்கலில் வந்தால் பேட்டரி டெர்மினல், ஃபியூஸ் பாக்ஸின் முதுகுப்பக்கம், இக்னிஷன் சுவிட்ச் ஆகிய மூன்றும் முதல் சந்தேகத்துக்கு உரியவை. வீட்டுச் சாவி, கடைச் சாவி, ஐயனார் படம் எல்லாம் கோத்த கொத்தைத் தினமும் தொங்கவிட்டால் இக்னிஷன் சுவிட்ச் சீக்கிரமே தேயும். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, இன்ஜின் ஓடும்போது சாவியை ‘ஆன்’ நிலையிலேயே லேசாக ஆட்டிப் பாருங்கள். மீட்டர் விளக்குகள் சிமிட்டினால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

எது எது சேர்ந்து போகிறது?

அடுத்த கேள்வி இது. ஹார்ன் மட்டும் போகிறதா? ஹார்ன், வைப்பர், இண்டிகேட்டர் மூன்றும் ஒன்றாகப் போகின்றனவா? ஒன்று மட்டும் என்றால் அந்தப் பாகத்துக்கு அருகிலேயே தேடலாம். மூன்று சேர்ந்து போனால் மூன்றும் தனித்தனியாகக் கெட்டிருக்க வாய்ப்பில்லை. மூன்றுக்கும் பொதுவான ஃபியூஸ், பொதுவான ரிலே, பொதுவான எர்த் இவற்றில் ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. வண்டியின் வயரிங் வரைபடம் உள்ள சர்வீஸ் புத்தகத்தை எப்பாடுபட்டாவது சம்பாதித்துக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால், சாவியை ஆன் செய்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் எவையெல்லாம் நிற்கின்றன என்று நீங்களே ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு டெயில் லாம்ப் கோளாறை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். இரவில் பார்க் லைட் எரிகிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, அதே தாளத்தில் இடது சிவப்பு விளக்கும் ஏறி இறங்குகிறது. பிரேக் மிதித்தால் பிரேக் லைட் பிரகாசிக்காமல், இருந்த சிவப்பும் அணைந்துபோகிறது. பேய் பிடித்ததுபோல் இருக்கும். உண்மையில் அந்த லாம்புக்கு எர்த் இல்லை, அவ்வளவுதான். இண்டிகேட்டர் பல்பு வழியாக வந்த மின்சாரம் எர்த்துக்குத் திரும்ப நேர்வழி கிடைக்காமல், அதே கூண்டில் இருக்கும் பிரேக் லைட் இழை வழியாகப் பின்னோக்கிப் புகுந்து, அடுத்த பக்கத்து விளக்கின் எர்த்தைத் தேடிப் போகிறது. இப்படிச் சம்பந்தமில்லாத விளக்குகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தால் சுவிட்சையும் ஃபிளாஷரையும் தொடாதீர்கள். லாம்பைக் கழற்றி, அதன் எர்த் வயர் பாடியில் ஸ்குரூவோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பெயின்டுக்கு அடியில் துரு பொரிந்து, லக்கின் மேல் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு இறுக்கி, மேலே வாசலின் தடவினால் தீர்ந்தது.

நாகப்பட்டினம், ராமேஸ்வரம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஓடும் வண்டிகளிலும், 2015 சென்னை வெள்ளம் மாதிரித் தண்ணீரில் நின்று எழுந்த வண்டிகளிலும் இந்தக் களிம்பைக் கப்ளர்களுக்கு உள்ளேயே பார்க்கலாம். வெள்ளத்தில் நனைந்த வண்டியில் கோளாறு மறுநாளே வரவேண்டும் என்பதில்லை. உப்பும் ஈரமும் செம்பைத் தின்ன மாதக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்ளும்.

பேட்டரியில் தொடங்குங்கள்

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் சோதனை பேட்டரிதான். பேட்டரி சரியில்லாமல் மற்ற எதை அளந்தாலும் பொய்க்கணக்குத்தான் வரும். இரவு முழுவதும் நின்ற வண்டியில், எதையும் ஆன் செய்யாமல் அளந்தால், முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றிய பிறகே மேற்கொண்டு சோதியுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. நல்ல சார்ஜ் இருந்தும் விழுகிறது என்றால், ஒன்று பேட்டரி தளர்ந்துவிட்டது, இல்லை செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட்டைப் போட்டு, 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ நலம். ஒரு நாள் 14 காட்டி, மறுநாள் 12.3 காட்டினால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், டைனமோவுக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது டைனமோவின் பின்னால் இருக்கும் பெரிய நட்டு தளர்ந்து கருகியிருக்கலாம். டைனமோவை மாற்றச் சொல்லும் முன் இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 15 வோல்ட்டுக்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பல்புகள் அடிக்கடி போவதற்கும் பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுவதற்கும் அது காரணமாகலாம்.

நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் இன்னும் ஒரு பழக்கம் உண்டு. இன்ஜின் ஓடும்போதே பேட்டரி கிளாம்பைக் கழற்றி, “வண்டி நிக்கல பாருங்க, டைனமோ நல்லாருக்கு” என்று காட்டுவார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் அது செல்லுபடியாகியிருக்கலாம். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் அந்த நொடியில் மின்னழுத்தம் திடீரென்று எகிறி, நல்ல இசிஎம்மையே கொன்றுவிடும். உங்கள் வண்டியில் யாரும் இப்படிச் செய்ய விடாதீர்கள்.

மீட்டர் 12 காட்டுகிறது, பல்பு எரியவில்லை. ஏன்?

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரு வயரில் பல செப்பு இழைகள் இருக்கும். அவற்றில் ஒன்றைத் தவிர மீதி எல்லாம் அறுந்துவிட்டன என்று வையுங்கள். அந்த வயரின் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் பேட்டரியின் அழுத்தத்தை அப்படியே காட்டும். ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றுமே இல்லாத அளவு. அதே வயரில் ஹெட்லைட் பல்பை மாட்டினால் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த ஒற்றை இழையால் தாங்க முடியாது. அழுத்தம் வழியிலேயே விழுந்துவிடும். பல்பு மங்கும் அல்லது எரியாது. “வயர்ல கரன்ட் வருது சார், பல்புதான் போச்சு” என்ற தீர்ப்பு தவறாகப் போவது இந்த இடத்தில்தான்.

அதனால் இரண்டு விஷயம். ஒன்று, வெறும் மீட்டரை மட்டும் நம்பாமல் 21 வாட் பல்பு போட்ட டெஸ்ட் லாம்பால் சோதியுங்கள். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுத்து வயரின் உண்மையான தெம்பைக் காட்டிவிடும். ஆனால் இசிஎம், சென்சார் வயர்களில் இந்த லாம்பை வைக்கக்கூடாது. அங்கே மீட்டர் மட்டுமே. இரண்டு, சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பின் இரு முனைகளுக்கும் இடையே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று அளந்து பாருங்கள். விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன்கள் ‘வோல்டேஜ் டிராப்’ பார்ப்பது என்று சொல்வது இதைத்தான்.

செல்ஃப் ‘டிக்’ என்று நின்றுபோகும் வண்டியில் இதைச் செய்யும் முறை: கியரை நியூட்ரலில் வையுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜின் பிடித்துக்கொள்ளாதபடி பெட்ரோல் பம்ப் ஃபியூஸையோ, கார்புரேட்டர் வண்டியில் இக்னிஷன் காயிலின் சப்ளை வயரையோ கழற்றுங்கள். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் போஸ்ட்டின் மேல் வையுங்கள். கிளாம்பின் மேல் வைக்கக்கூடாது, போஸ்ட்டின் ஈயத்தில்தான் வைக்கவேண்டும். கறுப்பு முனையை செல்ஃப் மோட்டாரில் பெரிய கேபிள் வந்து சேரும் போல்ட்டில் வையுங்கள். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கம் சரி.

இப்போது எர்த் பக்கம். ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டில், மறுமுனை பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்து இன்ஜின் பிளாக்கில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட் அளவில் இருக்கவேண்டும். ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று காட்டினால் தேடியது கிடைத்துவிட்டது. பிறகு போஸ்ட்டிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து பாடி, பாடியிலிருந்து இன்ஜின் என்று ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி அளந்தால், எந்தக் கட்டத்தில் அழுத்தம் விழுகிறதோ அதுவே கோளாறு இருக்கும் இடம். இரண்டு பக்கமும் அளவு சரியாக இருந்து, செல்ஃப் மட்டும் அசையவில்லை என்றால் பிறகுதான் மோட்டாரையும் சொலினாய்டையும் சந்தேகிக்கவேண்டும்.

இந்த வேலையை ஓம் மீட்டரால் ஏன் செய்ய முடியாது என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது, எர்த் இணைப்பில் 0.02 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், விழும் அழுத்தம் 2 வோல்ட். வண்டி எடுக்காமல் போக அது தாராளம். ஆனால் 0.02 ஓமை சாதாரண மல்டிமீட்டரால் பிரித்துக் காட்ட முடியாது. அது ‘நல்ல இணைப்பு’ என்றே சொல்லும்.

இன்ஜின் ரப்பர் மவுன்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதற்கு மின் தொடர்பு தருவது ஒரு எர்த் பட்டைதான். அந்தப் பட்டை அறுந்தால் செல்ஃப் மின்சாரம் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். காரணமே இல்லாமல் கேபிள்கள் இறுகிப்போகின்றன, சூடாகின்றன என்றால் எர்த் பட்டையைப் பாருங்கள்.

ஃபியூஸ், ரிலே, சுவிட்ச்

கண்ணால் பார்த்து ‘ஃபியூஸ் நல்லாருக்கு’ என்று சொல்லிவிடாதீர்கள். இழை முறியாமலே, ஃபியூஸின் கால்களைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருக்கும். பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறி உருகியிருந்தால் அதுதான் அடையாளம். அங்கே புது ஃபியூஸ் மாட்டிப் பயனில்லை, கிளிப்பை மாற்றவேண்டும். பல வேன்களில் கோளாறு ஃபியூஸ் பாக்ஸின் முன்பக்கம் இருக்காது. பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் இருக்கும்.

ரிலேயைச் சோதிக்க எளிய வழி, அதே மாதிரி இன்னொரு ரிலேயோடு இடம் மாற்றிப் பார்ப்பது. எண்கள் ஒன்றாக இருக்கவேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் ரிலேதான் குற்றவாளி. 85, 86 காயில் கால்கள். 30, 87 சுமை போகும் கால்கள். ‘டிக்’ என்று சத்தம் கேட்பதால் ரிலே நல்லது என்று அர்த்தமில்லை. காயில் இழுத்தாலும் உள்ளே தொடுமுனை கருகியிருக்கலாம். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பெட்ரோல் பம்ப் ஓரிரு நொடி முனகும். வண்டி எடுக்காத நேரத்தில் அந்த முனகல் கேட்கிறதா என்று காது கொடுங்கள். கேட்கவில்லை என்றால் பம்ப் ரிலே, பம்ப் ஃபியூஸ், பம்ப் எர்த் இந்த மூன்றையும் பார்த்துவிட்டுப் பிறகு பம்பைப் பாருங்கள்.

பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாகவே போகிறது. 60/55 வாட் பல்புக்காகச் செய்த சுவிட்ச் அது. வெளிச்சம் வேண்டுமென்று 100/90 வாட் பல்பு மாட்டினால் இரண்டு பல்பும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுவிட்ச் உள்ளே மெல்ல உருகி, ஒருநாள் இரவு நெடுஞ்சாலையில் லைட் அணைந்து, சுவிட்சை ஆட்டினால் எரியும். வெளிச்சம் குறைவு என்றால் முதலில் எர்த்தைச் சரிசெய்து, தனி ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேரடி வயர் இழுங்கள். பழைய வாட் பல்பே நன்றாக எரியும்.

பிறகு சேர்த்த வயர்கள்

கம்பெனி போட்ட வயரிங்கைவிடத் தொல்லை தருவது நாம் சேர்த்ததுதான். ஸ்டீரியோ, இரட்டை ஹார்ன், ஃபாக் லாம்ப், ரிவர்ஸ் மியூசிக், கலர் எல்.இ.டி. இவை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வயரைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிச் சேர்த்தவை. வெயிலில் டேப்பின் பசை இளகி, முறுக்கு தளரும். முதல் வேலையாக இவற்றையெல்லாம் கழற்றிவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். கோளாறு காணாமல் போனால் தேடவேண்டிய இடம் தெரிந்துவிடும்.

கேஸ் கிட் போட்ட எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இன்னும் கவனம் வேண்டும். பல கிட்களில் இன்ஜெக்டர் வயரை வெட்டி இடையில், கேஸில் ஓடும்போது இன்ஜெக்டரை நிறுத்திவைக்கும் எமுலேட்டரைச் சேர்த்திருப்பார்கள். அந்த வெட்டு இணைப்பில் ஒன்று தளர்ந்தால் பெட்ரோலில் மட்டும் ஒரு சிலிண்டர் மிஸ் ஆகும், கேஸில் ஆகாது. நோட்டில் ‘எந்த எரிபொருள்’ என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான். கேஸ் வாடை அடித்தால் எந்தச் சோதனையும் செய்யாமல், சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிப்போய்க் கதவுகளைத் திறந்து வையுங்கள்.

எலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் இதமான சூடுள்ள இன்ஜின் அறை அதற்குச் சொகுசு வீடு. ஹார்னஸ் எனப்படும் வயர்க் கட்டின் உறையை விரித்துப் பார்க்காமல் எலி கடித்ததைக் கண்டுபிடிக்க முடியாது. பின்கதவில் வைப்பர், லாக், நம்பர் பிளேட் லைட் உள்ள வண்டிகளில், கதவு மடங்கும் இடத்து ரப்பர் குழாயை உருவிப் பாருங்கள். மேல் உறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு முறிந்திருக்கும். வயரை மெல்ல இழுத்தால் முறிந்த இடம் மட்டும் ரப்பர் போல் நீளும்.

இரவில் பேட்டரி இறங்கினால்

எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் கேபிளுக்கும் போஸ்ட்டுக்கும் இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணையுங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டர் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-ஹவர் கசிகிறது. 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி மூன்று நாளில் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு சட்டென்று விழுகிறதோ அந்தச் சர்க்யூட்டில் தேடுங்கள். கதவுச் சுவிட்ச் சிக்கி எரியும் கூரை விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே, சாவியின் கட்டுப்பாட்டில் இல்லாமல் நேரடியாகக் கொடுத்த ஸ்டீரியோ இவைதான் அடிக்கடி அகப்படும். எந்த ஃபியூஸைக் கழற்றினாலும் அளவு குறையவில்லை என்றால் டைனமோவின் பெரிய வயரைக் கழற்றிப் பாருங்கள். டயோடு கெட்ட டைனமோ வண்டி நிற்கும்போதும் பேட்டரியைக் குடிக்கும். அந்த வயரில் எப்போதும் நேரடி மின்சாரம் இருக்கும் என்பதால், நெகட்டிவ் கேபிளை முற்றிலும் விலக்கிய பிறகே அதைக் கழற்றவேண்டும்.

கோளாறை வரவழைப்பது

வராத கோளாறைச் சோதிக்க முடியாது, அதனால் வரவழைக்கவேண்டும். குலுக்கலில் வருவது என்றால், இன்ஜினை ஓடவிட்டு, சந்தேகமான ஹார்னஸைக் கையால் ஒரு சாண் ஒரு சாணாக ஆட்டிக்கொண்டே போங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகக்கூடாது. சூட்டில் வருவது என்றால் முடி உலர்த்தும் டிரையரால் அந்த ஒரு பாகத்தை மட்டும் சூடாக்குங்கள். ஈரத்தில் வருவது என்றால் இஸ்திரிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலால் ஒவ்வொரு இடமாக நனையுங்கள். இன்ஜின் ஓடும்போது பிளக் வயரைக் கையால் தொடாதீர்கள்.

ஓட்டும்போது மட்டும் வருகிறது என்றால், சந்தேகமான சப்ளை வயரிலிருந்து ஃபியூஸோடு ஒரு சின்னப் பல்பை டாஷ்போர்டில் தெரியும்படி மாட்டிவிட்டு வழக்கம்போல் ஓட்டுங்கள். வண்டி மிஸ் ஆகும் அதே நொடியில் பல்பும் அணைந்தால் சப்ளை போகிறது. பல்பு எரிந்துகொண்டே இருந்தால் அந்த வயரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பல்பைப் பார்க்கட்டும், ஓட்டுபவரின் கண் சாலையில்தான் இருக்கவேண்டும்.

சரிசெய்யும் முறை

கண்டுபிடித்த பிறகு அரைகுறையாகச் சரிசெய்தால் ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் நிற்பீர்கள். கறுத்துப்போன செம்பை வெட்டி எறிந்து, பளபளப்பான செம்பு வரும்வரை உறையைச் சீவுங்கள். அளவான லக் வைத்து, அதற்கென்று உள்ள பிளையரால் அழுத்தி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். அதிர்வுள்ள இடத்தில் வெறும் ஈயப் பற்றோடு விட்டால், பற்று முடியும் இடத்திலேயே வயர் முறியும். அதனால் அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் கிளிப் போட்டு வயரை நிலையாகப் பிடிக்கவேண்டும்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 15 ஆம்பியர் நீலத்தை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் பச்சையைப் போடாதீர்கள். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றுவது அதைவிட மோசம். ஃபியூஸ் எரிவது வயர் எரியாமல் இருப்பதற்காக. ஃபியூஸைப் பெரிதாக்கினால் எரியப்போவது சீட்டுக்கு அடியில் ஓடும் ஹார்னஸ். மேலே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் நீங்களே செய்யவேண்டும் என்பதில்லை. நோட்டோடு ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். எந்த நேரத்தில், எந்த நிலையில் வருகிறது என்று சொல்லி, வண்டியை ஒரு இரவு அங்கே விட்டு, காலை ஆறிய நிலையில் முதல் ஸ்டார்ட்டை அவரையே எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்த அளவைப் பார்த்து இதைச் சொல்றீங்கண்ணே, கொஞ்சம் காட்டுங்க.” அளவைக் காட்டுபவரிடம் தயங்காமல் பணம் கொடுங்கள். “மாத்திப் பார்ப்போம்” என்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.